"ரூஹு எங்கே இருக்கு, வாப்பா?": மூளையைக் கையில் வாங்கிய பிறகு, ரூஹு என்கிற ஆன்மாவைப் பற்றி என் மகள் கேட்டது

காயல்_வாப்பா (ஞாயிறு, இரவு 9.40)

அஸ்ஸலாமு அலைக்கும். மற்ற நண்பர்களுக்கு வணக்கம்.

நேற்று மகளை இங்கே பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் உள்ள மூளை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். பதினொன்றாம் வகுப்பு, உயிரியல் பிரிவு. பத்து வருடமாக ஓசூர் ரோட்டில் அந்த வளாகத்தைக் கடந்து போகிறேன், உள்ளே நுழைந்தது இதுதான் முதல்முறை. குடுவைகளில் வரிசையாக மூளைகள். கட்டி வந்தது, ரத்தக்குழாய் வெடித்தது, முதுமையில் சுருங்கியது. பதப்படுத்திய ஒரு மூளையைத் தொட்டுப் பார்க்கவும் தருகிறார்கள். மகள் இரண்டு கையாலும் வாங்கினாள். மெதுவாக பிஸ்மில்லாஹ் சொன்னாள், பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

"ஒரு மனிதருடைய நினைவு, பேச்சு, கோபம், பாசம் எல்லாம் இதற்குள்தான் இருந்தன" என்று அங்கே விளக்கியவர் சொன்னார். வீடு திரும்பும்போது ஆட்டோவில் வெகுநேரம் பேசாமல் வந்தாள். ரிச்மண்ட் சர்க்கிள் தாண்டியதும் கேட்டாள்: "ரூஹு எங்கே இருக்கு, வாப்பா? அந்த மூளைக்குள்ளயா, வெளியிலயா?"

எனக்குத் தெரிந்த ஆயத்தைச் சொன்னேன். குர்ஆனின் 17ஆம் அத்தியாயம், 85ஆம் வசனம்: ரூஹைப் பற்றி உம்மிடம் கேட்கிறார்கள், அது என் இறைவனின் கட்டளையைச் சேர்ந்தது, உங்களுக்குக் கொடுக்கப்பட்ட ஞானம் கொஞ்சம்தான். அவள் யோசித்துவிட்டு, "இது பதிலா, இல்ல கேட்காதேன்னு சொல்றதா?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில் தமிழ் பயான் (மார்க்க உரை) கேட்கும் இடத்தில், நவீன அறிவியல் எல்லாவற்றையும் ஜடமாக்கிவிட்டது, பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள் என்கிறார்கள். அலுவலகத்தில் என் நண்பர், மனம் என்பது ரசாயனம் மட்டுமே, மீதி எல்லாம் பழைய கதை என்கிறார். இரண்டையும் என் மகளிடம் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள்.

நரம்பணு (ஞாயிறு, இரவு 11.15)

அண்ணா, நான் தூத்துக்குடிக்காரி. இங்கே நரம்பியலில் பிஎச்டி, நான்காம் வருடம். எலியின் மூளையில் பயம் எப்படிப் பதிகிறது என்பதுதான் என் ஆய்வு. உங்கள் மகள் கேட்டதை எங்கள் ஆய்வகத்தில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, ஆனால் எல்லோர் மனதிலும் அது இருக்கிறது.

உங்கள் நண்பர் பேசுவதற்கு ரிடக்‌ஷனிசம் என்று பெயர், தமிழில் குறுக்கல்வாதம் என்று எழுதுகிறார்கள். ஒரே பெயருக்குள் மூன்று சங்கதிகள் இருப்பதால்தான் சண்டை வருகிறது. ஒன்று, வேலை செய்யும் முறை. நான் எலி மூளையின் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவைக்கிறேன். அப்படிச் செய்யாமல் ஒரு பரிசோதனையும் நடக்காது. இன்னொன்று ஒரு நம்பிக்கை: மேல்மட்டத்தில் நடப்பதை எல்லாம் ஒருநாள் கீழ்மட்ட விதிகளை வைத்தே சொல்லி முடித்துவிடலாம் என்பது. இதில் எங்கள் துறையிலேயே ஒத்த கருத்து இல்லை. கடைசியாக, கீழ்மட்டம் மட்டுமே உண்மையில் இருக்கிறது என்பது. டிஎன்ஏ அமைப்பைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஃபிரான்சிஸ் கிரிக் 1994ல் அதைப் பட்டவர்த்தனமாக எழுதினார். உன் மகிழ்ச்சி, துயரம், நினைவு, 'நான்' என்ற உணர்வு எல்லாம் நரம்பணுக் கூட்டத்தின் நடத்தை, அதற்கு மேல் ஒன்றுமில்லை என்பது அவர் வாதம்.

நான் தினமும் செய்யும் வேலையிலிருந்து கிரிக்கின் முடிவுக்கு எந்தப் பரிசோதனையும் நேராகக் கொண்டுபோய் விடுவதில்லை. நடுவில் ஒரு தத்துவத் தாவல் இருக்கிறது. தாவுவது தப்பு என்று சொல்லவில்லை, தாவுகிறோம் என்று தெரிந்து தாவ வேண்டும்.

சி. எலிகன்ஸ் என்று ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழு உண்டு. அதற்கு 302 நரம்பணுக்கள்தான். எது எதோடு இணைந்திருக்கிறது என்ற முழு வரைபடம் 1986லேயே வெளிவந்துவிட்டது. அந்தப் புழு அடுத்து என்ன செய்யும் என்று அந்த வரைபடத்தை மட்டும் வைத்து இன்றும் சொல்ல முடியாது. உங்கள் மகள் கையில் வாங்கியதில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருந்திருக்கும்.

உண்மைப்பாதை (திங்கள், காலை 6.50)

சகோதரரே, இதற்கு ஏன் இவ்வளவு குழப்பம்? கருவின் வளர்ச்சியை 23ஆம் அத்தியாயம் 12 முதல் 14 வரை உள்ள வசனங்கள் அன்றே சொல்லிவிட்டன. அறிவியல் இப்போதுதான் வந்து சேர்கிறது. இதை மகளிடம் காட்டுங்கள், ஈமான் (இறைநம்பிக்கை) உறுதியாகும். அறிவியலும் குர்ஆனும் ஒன்றுதான்.

ஓதுபள்ளி (திங்கள், காலை 10.30)

தம்பி காயல்_வாப்பா, வ அலைக்கும் ஸலாம். நான் வேலூர்ப் பக்கம் ஒரு அரபிக் கல்லூரியில் ஏழு வருடம் ஓதியவன். இப்போது சிவாஜிநகரில் கடை வைத்திருக்கிறேன். கடை திறந்து கூட்டம் வருவதற்குள் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உண்மைப்பாதை தம்பிக்கு. உங்கள் நல்ல எண்ணம் புரிகிறது. ஆனால் அந்த வசனங்களை இன்னொரு முறை ஓதிப் பாருங்கள். களிமண், துளி, ஒட்டிக்கொள்வது, சதைப்பிண்டம், எலும்பு, எலும்பின் மேல் சதை என்று படிப்படியாக வந்துவிட்டு, "பிறகு அதை வேறொரு படைப்பாக உண்டாக்கினோம்" என்று முடிகிறது. நம் ஆட்கள் முன்பாதியை எடுத்துப் பாடப்புத்தகத்தோடு ஒப்பிடுகிறார்கள், "வேறொரு படைப்பு" என்ற இடத்தைத் தொடுவதே இல்லை. வசனத்தை ஆய்வகக் குறிப்பாக வாசித்தால் அதையும் குறுக்கிவிடுகிறோம். இந்தத் தங்கை சொன்ன குறுக்கல் அங்கே மட்டும் இல்லை, நம் மேடைகளிலும் நடக்கிறது.

அடுத்து, பயானில் சொன்னதாகச் சொன்னீர்களே, அது என்னைச் சங்கடப்படுத்துகிறது. ஒரு பொருளை உடைத்துக்கொண்டே போய்ப் பார்க்கும் புத்தி நமக்கு வெளியிலிருந்து வந்தது இல்லை. எங்கள் பாடத்திட்டத்தில் ஷரஹுல் அகாயித் உண்டு, இஸ்லாமியக் கொள்கை நூல் ஒன்றுக்கு 14ஆம் நூற்றாண்டில் தஃப்தாஸானி எழுதிய உரை. அதில் உலகம் எதனால் ஆனது என்று ஒரு பாடம் வரும். இனிமேல் பிளக்கவே முடியாத துகள் ஜவ்ஹர். அதன் மேல் வந்து அமையும் நிறம், சூடு, அசைவு போன்றவை அரழ். பதினெட்டு வயதில் இதை ஓதியபோது, அடுத்த தெருப் பையன்கள் கல்லூரியில் படிக்கும் அணுவைத்தான் நாமும் ஓதுகிறோம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டும் ஒன்றல்ல என்று பிறகு புரிந்தது.

கலாம் என்னும் இறையியல் அறிஞர்கள் துகள் வரை இறங்கிய பிறகு இன்னொரு கேள்வி கேட்டார்கள்: இந்தத் துகள் தன் சொந்த பலத்தில் நிற்கிறதா? அவர்களில் அஷ்அரி என்ற பிரிவின் இமாம்கள் இல்லை என்றார்கள். அரழ் இரண்டு கணம் சேர்ந்தாற்போல் நீடிக்காது, ஒவ்வொரு கணமும் அல்லாஹ் புதிதாகப் படைப்பதால்தான் பொருள் இருப்பது போல் இருக்கிறது என்றார்கள். இமாம் கஸ்ஸாலி (மறைவு 1111) தத்துவவாதிகளை மறுத்து எழுதிய நூலின் பதினேழாம் பகுதியில் பஞ்சையும் நெருப்பையும் வைத்துப் பேசுவார். நெருப்பு பட்டபோது பஞ்சு எரிவதை நாம் பார்க்கிறோம். நெருப்பால்தான் எரிந்தது என்பதைப் பார்க்கவில்லை. ஒன்றுடன் நடப்பது வேறு, ஒன்றால் நடப்பது வேறு.

இதை வைத்து இமாம் அறிவியலை எதிர்த்தார் என்று சொல்பவர்கள் அதே நூலின் முன்னுரையைப் படிக்க வேண்டும். கிரகணம் ஏன் வருகிறது என்று கணக்கு போட்டுக் காட்டுகிறவர்களை மறுப்பது மார்க்கக் கடமை என்று நினைப்பவன் மார்க்கத்துக்குத்தான் தீங்கு செய்கிறான் என்று அங்கே எழுதுகிறார். நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் வந்தது. குழந்தையின் மரணத்துக்காகத்தான் என்று மக்கள் பேசினார்கள். யாருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்று நபியவர்கள் சொன்னார்கள். புகாரி நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. தன் பிள்ளையை அடக்கம் செய்த துக்கத்தில் நின்று சொன்ன வார்த்தை அது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைந்துவிடும்.

ரூஹுக்கு வருகிறேன். மகள் கேட்டதை நம் உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) கேட்காமல் விடவில்லை. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னுல் கைய்யிம் ரூஹைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். அவர் முடிவு, ரூஹு ஒரு நுண்ணிய உடல். ரோஜாவில் பன்னீர் பரவியிருப்பது போல, ஒலிவக் காயில் எண்ணெய் இருப்பது போல இந்த உடலில் பரவியிருக்கிறது என்பார். கலாம் அறிஞர்களில் பலரும் அதை நுண்ணுடல் என்றே சொன்னார்கள். இமாம் கஸ்ஸாலி அதை ஏற்கவில்லை. இடத்தை அடைத்துக்கொள்ளாத ஒன்றுக்கு உள்ளே, வெளியே என்று கேட்பதே பொருந்தாது என்ற பக்கம் நின்றார். பெரியவர்களே இப்படி இரண்டாகப் பிரிந்து நின்ற விஷயம். அதனால் அந்தப் பிள்ளையை யாரும் அதட்ட வேண்டாம். "கொஞ்சம்தான் ஞானம்" என்ற வசனம் வாயை அடைக்க வந்தது இல்லை, இத்தனை பேரும் அதை ஓதிவிட்டுத்தான் விவாதித்தார்கள்.

அடர்பொருள் (திங்கள், மாலை 7.20)

ஹஜ்ரத், மிக நன்றி. உங்களை அப்படி அழைக்கலாம்தானே? நான் இயற்பியல் கற்பிப்பவன், கடவுள் நம்பிக்கை இல்லாதவன். அதைச் சொல்லிவிட்டே பேசுகிறேன்.

இந்த விவாதத்தில் இரண்டு நோபெல்காரர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1979ல் மின்காந்த விசையையும் அணுக்கருவின் மெல்விசையையும் ஒன்றாக்கிக் காட்டியதற்காக ஸ்டீவன் வெயின்பெர்க், அப்துஸ் சலாம், ஷெல்டன் கிளாஷோ மூவரும் பரிசு பெற்றார்கள். வெயின்பெர்க் உறுதியான குறுக்கல்வாதி. எல்லாவற்றுக்கும் "ஏன்" என்று கேட்டுக்கொண்டே போனால் விளக்கத்தின் அம்புகள் எல்லாம் கீழ்நோக்கியே போகின்றன என்றார். பிரபஞ்சம் புரியப் புரிய அது நோக்கமற்றதாகத் தெரிகிறது என்றும் எழுதியவர். சலாம் நோபெல் விருந்தில் குர்ஆனின் 67ஆம் அத்தியாயத்திலிருந்து வசனங்களைச் சொன்னார்: அளவற்ற அருளாளனின் படைப்பில் எந்தக் குறையையும் காணமாட்டீர், திரும்பவும் பாரும், பார்வை களைத்துத் திரும்பும். ஒரே சமன்பாடு. ஒருவருக்கு அது வெறுமை, இன்னொருவருக்குத் துதி. தானும் வெயின்பெர்க்கும் வாழ்ந்த இடத்திலும் கொண்ட கொள்கையிலும் வெகுதூரத்தில் இருந்தும் ஒரே கோட்பாட்டுக்கு வந்து சேர்ந்தோம் என்று சலாமே பிறகு எழுதினார். இஸ்லாமிய அறிவியல் என்று தனியாக ஒன்று வேண்டும் என்பவர்களுக்கு அவர் கொடுத்த பதில் அதுதான். அறிவியல் ஒன்றுதான் என்றார். நான் இதில் முழுக்க சலாம் பக்கம்.

அப்புறம், குறுக்கல்வாதத்துக்கு வலுவான அடி மதத்திலிருந்து வரவில்லை, இயற்பியலுக்குள்ளிருந்தே வந்தது. 1972ல் பிலிப் ஆண்டர்சன் ஒரு கட்டுரை எழுதினார். எல்லாவற்றையும் எளிய விதிகள் வரை இறக்கிவிட முடிந்தாலும், அந்த விதிகளிலிருந்து கிளம்பி உலகத்தை மறுபடி கட்டி எழுப்ப முடியும் என்று ஆகாது என்பது அதன் சாரம். எண்ணிக்கை கூடும்போது புதிய விதிகள் தோன்றுகின்றன. ஒற்றை நீர் மூலக்கூறுக்கு ஈரம் என்ற ஒன்றே கிடையாது. ஆண்டர்சனோடு 1979ல் புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை எழுதிய நால்வரில் ஒருவரான டி. வி. ராமகிருஷ்ணன் பின்னாளில் நம் ஊர் ஐஐஎஸ்சியில்தான் (இந்திய அறிவியல் கழகம்) பேராசிரியராக இருந்தார். இந்த ஊரில் இது அந்நியமான யோசனை இல்லை. காசு விஷயத்திலும் இது வந்து நின்றது. அமெரிக்காவில் மாபெரும் துகள் முடுக்கி கட்ட வேண்டும் என்று வெயின்பெர்க் நாடாளுமன்றத்தில் வாதாடினார், ஆண்டர்சன் எதிர்த்தார். 1993ல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஆண்டர்சனை ரூஹுக்குச் சாட்சியாகக் கூப்பிட வேண்டாம். கூட்டத்திலிருந்து புதுத் தன்மை தோன்றுகிறது என்பதுதான் அவர் சொன்னது, வெளியிலிருந்து ஒன்று வந்து சேர்கிறது என்பது இல்லை. 302 நரம்பணு உதாரணமும் அப்படியே. இன்று விளக்கம் இல்லாத இடத்தில் ரூஹைக் குடிவைத்தால், விளக்கம் கிடைக்கும் நாளில் அதை அங்கிருந்து கிளப்ப வேண்டிவரும். உங்கள் மகளுக்கு அந்த அவஸ்தை வேண்டாம், காயல் சார்.

மாகடி_ரோடு (திங்கள், இரவு 10.05)

நான் யூனானி மருத்துவன். மாகடி ரோட்டில் உள்ள தேசிய யூனானி மருத்துவ நிறுவனத்தில் மேற்படிப்பு படித்தேன், சொந்த ஊர் ஆம்பூர்.

அடர்பொருள் சார் சொன்ன "கூடும்போது புதுத் தன்மை" என்பதைப் படித்ததும் எனக்கு மிஸாஜ் நினைவுக்கு வந்தது. இப்னு சீனா சொல்லும் மிஸாஜ் இதுதான்: எதிரெதிர் குணமுள்ள மூலகங்கள் நுண்ணிய துணுக்குகளாகி ஒன்றன்மேல் ஒன்று வேலை செய்து, கடைசியில் கலவை முழுதும் ஒரே சீராகப் பரவும் ஒரு குணம் பிறக்கிறது. மூலகங்களின் பட்டியலை வைத்து நோயாளியைப் படிக்க முடியாது, அவருடைய மிஸாஜைப் பார்க்க வேண்டும். மண், நீர், காற்று, நெருப்பு என்ற அந்த நாலு கணக்கை இன்று அப்படியே காப்பாற்ற முடியாது, அதை மறைக்கவும் மாட்டேன். ஆனால் நாடி பிடிக்கும்போது எதிரே இருக்கும் முழு ஆளைப் பார் என்று அது எனக்குக் கற்றுக்கொடுத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், எங்கள் ஆட்களுக்கே. முழுமை, முழுமை என்று சொல்லிப் பகுத்துப் பார்ப்பதை இழிவாகப் பேசுகிறவர்கள் உண்டு. டெல்லியின் யூனானி மருத்துவர் ஹகீம் அஜ்மல் கான் அப்படி நினைக்கவில்லை. ஜெர்மனியில் படித்துவந்த வேதியியலாளர் சலீமுஸ்ஸமான் சித்தீக்கியை அழைத்து, டெல்லி திப்பியாக் கல்லூரியில் ஆய்வுப் பிரிவு தொடங்க வைத்தார். 1927ல் ஹகீம் சாஹிப் மறைந்தார். 1931ல் சித்தீக்கி சர்ப்பகந்தா வேரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து அதற்கு அஜ்மலின் என்று அவர் பெயரையே வைத்தார். இன்றும் இதயத்துடிப்பின் ஒழுங்கு கெடும் ஒரு பரம்பரைக் கோளாறைக் கண்டுபிடிக்க அஜ்மலின் கொடுத்துச் சோதிக்கிறார்கள். ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ரெசர்பின் 1952ல் அதே வேரிலிருந்து பிரிக்கப்பட்டது. ஒரே வேருக்குள் வெவ்வேறு வேலை செய்யும் பொருட்கள். பிரித்ததால்தான் எது எவ்வளவு கொடுக்கலாம் என்று தெரிந்தது. இதைப் பிரித்த மனிதர் அல்லாஹ்வை மறக்கவில்லை, வேரையும் அவமதிக்கவில்லை.

ஹஜ்ரத்திடம் ஒரே ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். நெருப்பால் எரியவில்லை என்றால் மருந்தால் குணமாகவில்லை என்றும் ஆகிவிடும். இப்னு ருஷ்து (மறைவு 1198) இமாமுக்கு எழுதிய மறுப்பில் காரணங்களை மறுப்பவன் அறிவையே மறுக்கிறான் என்றார். அவர் காழியாகவும் (நீதிபதி) இருந்தார், மருத்துவராகவும் இருந்தார். அந்த வாக்கியத்தில் எனக்கு மருத்துவரின் குரல் கேட்கிறது. பொருளுக்கு அல்லாஹ் ஒரு இயல்பைக் கொடுத்திருக்கிறான் என்று நம்பித்தான் நான் மருந்து எழுதுகிறேன்.

ஓதுபள்ளி (செவ்வாய், காலை 10.10)

டாக்டர் தம்பி, அது பழைய வழக்கு, நாம் இருவரும் தீர்க்கப் போவதில்லை. இமாம் இதை யோசிக்காமல் இல்லை. அல்லாஹ் தன் படைப்பில் ஒரு வழக்கத்தை ஓடவிட்டிருக்கிறான், அதற்கு ஆதத் என்று பெயர். வீட்டில் விட்டுவந்த புத்தகம் குதிரையாக மாறியிருக்குமோ என்று யாரும் பயப்படுவதில்லை, அந்த உறுதியையும் அவனே நமக்குள் வைத்திருக்கிறான். வழக்கத்தை நம்பி நீங்கள் மருந்து எழுதலாம்.

அடர்பொருள் ஐயா சொன்ன எச்சரிக்கையை நான் மனதார ஏற்கிறேன். விளக்கம் தீர்ந்த இடத்தில் அல்லாஹ்வைத் தேடுவது நம் முறையே இல்லை. குர்ஆனில் ஆயத் என்ற ஒரே சொல்தான் வசனத்துக்கும், வானத்தில் பூமியில் தெரியும் அத்தாட்சிக்கும். வசனத்தில் புரியாத சொல் மட்டும்தான் அல்லாஹ்வைக் காட்டும் என்று யாராவது சொல்வார்களா? புரிந்த சொல்லும் காட்டும்.

1960ல் துருக்கியில் மறைந்த பதீஉஸ்ஸமான் சைத் நூர்சி இதை அரபி இலக்கணத்தை வைத்துச் சொன்னார். அரபியில் சொல் மூன்று வகை: இஸ்மு, ஃபிஃலு, ஹர்ஃபு. இஸ்மு தன்னளவில் பொருள் தரும். ஹர்ஃபு தன்னில் இல்லாத, வேறொன்றில் உள்ள பொருளைக் காட்டும். ஒரு பூவை இஸ்மாகவும் பார்க்கலாம், ஹர்ஃபாகவும் பார்க்கலாம் என்றார் நூர்சி. இஸ்மாகப் பார்த்தால் பூ பூவோடு முடிந்துவிடும். ஹர்ஃபாகப் பார்த்தால் அது உண்டாக்கியவனைக் காட்டும். பூவின் இதழைப் பிரித்து எண்ணுவதை அவர் தடுக்கவில்லை.

செந்தமிழ்_டீச்சர் (செவ்வாய், மதியம் 1.45)

வணக்கம் ஐயா. நான் இந்த ஊரில் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். மார்க்க விஷயம் எனக்குத் தெரியாது, படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஹர்ஃபு பற்றி நீங்கள் எழுதியதும் மனசு தாங்கவில்லை, எழுதுகிறேன்.

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் இடையியல் இப்படித்தான் தொடங்குகிறது:

"இடையெனப் படுப பெயரொடும் வினையொடும்
நடைபெற் றியலும் தமக்கியல் பிலவே."

இடைச்சொல் பெயரோடும் வினையோடும் சேர்ந்தே நடக்கும், தனக்கென்று இயல்பு இல்லை. நீங்கள் சொன்ன ஹர்ஃபு இதுதானே? இருபது வருடமாக இந்த நூற்பாவை வகுப்பில் சொல்லியிருக்கிறேன், உலகத்தைப் பார்க்கும் ஒரு விதமாக இதை எண்ணிப் பார்த்ததே இல்லை.

டாக்டரின் சந்தேகத்துக்கும் இதில் ஒரு வழி இருக்கிறதோ என்று தோன்றுகிறது. இடைச்சொல்லுக்குத் தனக்கென்று இயல்பு இல்லை, ஆனால் ஒழுங்கு உண்டு. "ஐ" வர வேண்டிய இடத்தில் "கு" வந்தால் வாக்கியமே கெட்டுவிடும். "மரத்தைக் கொடுத்தான்", "மரத்துக்குக் கொடுத்தான்" இரண்டும் ஒன்றா? தமக்கு இயல்பு இல்லாதவைதான் மொழியிலேயே கண்டிப்பான விதிகளோடு நடக்கின்றன.

அடர்பொருள் (செவ்வாய், மாலை 6.30)

டீச்சர், அருமை. அந்த இலக்கணத்தை எழுதுவதுதான் என் தொழில் என்று எடுத்துக்கொள்கிறேன். வாக்கியத்தைப் பேசியவர் ஒருவர் உண்டா என்பதில் ஹஜ்ரத்தும் நானும் பிரிகிறோம். இலக்கணத்தில் பிரியவில்லை.

ஏரிக்கரை (செவ்வாய், இரவு 8.55)

எல்லோரும் மூளைக்குள் இருக்கிறீர்கள், நான் அல்சூர் ஏரியைப் பற்றிச் சொல்கிறேன். 2016 மார்ச்சில் ஒரு காலையில் ஆயிரக்கணக்கில் மீன்கள் செத்து மிதந்ததை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். கழிவுநீர் சேர்ந்து, தண்ணீரில் கரைந்திருந்த ஆக்சிஜன் குறைந்துபோனது. ஆக்சிஜனை அளந்து சொன்னது பகுத்துப் பார்க்கும் அறிவுதான், அதற்கு நன்றி. ஆனால் ஏரி என்பது இத்தனை லிட்டர் தண்ணீர் என்ற ஒரே எண்ணாக இத்தனை வருடம் பார்க்கப்பட்டதும் குறுக்கல்தான். மீன், நாணல், கரை, கால்வாய், துணி துவைத்தவர்கள் எல்லாம் அந்த எண்ணுக்குள் காணாமல் போனார்கள்.

எம்ஐடியில் இயற்பியல் படித்த ஈரானிய அறிஞர் சையித் ஹுசைன் நஸ்ர் 1966ல் சிகாகோவில் ஆற்றிய உரைகளில் இதைத்தான் பேசினார். இயற்கையை வெறும் அளவாகப் பார்த்ததால் வந்த நோய் இது என்றார். சலாம் அவரோடு உடன்படமாட்டார் என்று தெரியும். ஆனால் "தராசை அமைத்தான், அதில் வரம்பு மீறாதீர்கள்" என்ற 55ஆம் அத்தியாய வசனங்களை அந்த ஏரிக்கரையில் நின்று ஓதியபோது, எனக்கு நஸ்ர் சொன்னதுதான் பொருந்தியது.

காயல்_வாப்பா (வியாழன், காலை 7.15)

நேற்று இஷா தொழுகைக்குப் பிறகு இந்த இழையை முதலிலிருந்து மகளுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் என் கையிலிருந்து போனை வாங்கி அவளே படித்தாள். 302 நரம்பணுப் புழுவை நோட்டில் எழுதிக்கொண்டாள். "தமக்கியல் பிலவே" என்பதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். ரூஹு நுண்ணுடலா இல்லையா என்று இமாம்களே விவாதித்தார்கள் என்று கேட்டதும் அவள் முகத்தில் வந்த நிம்மதியை என்னால் எழுத முடியவில்லை. கேட்டது தப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. உங்கள் எல்லோருக்கும் அல்லாஹ் நற்கூலி தரட்டும்.

ஆனால் விடவில்லை. அவளாகவே 39ஆம் அத்தியாயம் 42ஆம் வசனத்தை எடுத்துக் காட்டினாள். மரணத்தின்போதும், மரணிக்காதவர்களுக்குத் தூக்கத்திலும் அல்லாஹ் உயிர்களைக் கைப்பற்றுகிறான் என்று வருகிறது. போன வருடம் என் உம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது மயக்க மருந்து கொடுத்தார்கள். அதுவும் அப்படித்தானா, ஒரு வாயு எப்படி அதைச் செய்யும் என்று கேட்கிறாள்.

நரம்பணு (வியாழன், இரவு 9.30)

அண்ணா, 1846ல் பாஸ்டனில் ஈதர் கொடுத்து அறுவை சிகிச்சை செய்து காட்டியதிலிருந்து உலகம் முழுதும் மயக்க மருந்து கொடுக்கிறார்கள். எந்த மருந்து நரம்பணுவின் எந்தப் புரதத்தில் ஒட்டுகிறது என்று நிறையவே தெரியும். அதனால் உணர்வு ஏன் அணைகிறது என்பதில் இன்னும் ஒத்த முடிவு இல்லை. செனான் எதனோடும் அவ்வளவு எளிதில் வினைபுரியாத வாயு, அதுவும் மயக்கும். 19ஆம் நூற்றாண்டில் கிளாட் பெர்னார் தொட்டாற்சுருங்கிச் செடிக்கு ஈதர் காட்டினார், தொட்டாலும் அது சுருங்கவில்லை. நரம்பே இல்லாத செடி!

ஹஜ்ரத் எழுதிய "ஒன்றுடன் நடப்பது வேறு, ஒன்றால் நடப்பது வேறு" என்பதை நான்கு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் துறையில் உணர்வு இருக்கும்போது மூளையில் கூடவே தெரியும் மாற்றங்களுக்கு நியூரல் கோரிலேட்ஸ் என்று பெயர். உடன்நிகழ்வுகள் என்று பொருள், காரணங்கள் என்று இல்லை. 1990ல் கிரிக்கும் கிறிஸ்டாஃப் கோக்கும் சேர்ந்து எழுதிய கட்டுரைதான் இந்தத் தேடலைத் தொடங்கிவைத்தது. "நரம்பணுக்கள்தான், வேறொன்றுமில்லை" என்று எழுதிய அதே கிரிக். ஹஜ்ரத், இமாமின் அந்த வரியை அரபியில் அனுப்ப முடியுமா? திங்கட்கிழமை எங்கள் ஆய்வகக் கூட்டம், பலகையில் எழுதிவைக்க வேண்டும்.

ஓதுபள்ளி (வியாழன், இரவு 10.40)

கிதாபைப் பார்த்து எழுதி நாளைக்கு அனுப்புகிறேன், தங்கச்சி. அரபியில் "இன்த" என்றால் உடன், "பி" என்றால் ஆல். "பி" ஒரு ஹர்ஃபு, இடைச்சொல்தான், டீச்சர் கவனிக்க.

மகளுக்கு ஒரு குறிப்பு. 39:42ல் இருக்கும் சொல் அன்ஃபுஸ், உயிர் என்று பொருள்படும் நஃப்ஸின் பன்மை. ரூஹு என்ற சொல் அங்கே இல்லை. இரண்டும் ஒன்றா வேறா என்பதில் உலமாக்களிடம் நீண்ட விவாதம் உண்டு, அங்கிருந்து அவள் தொடங்கலாம். அப்புறம் தொட்டாற்சுருங்கி. இப்னு சீனா நஃப்ஸை மூன்றாகப் பிரித்து, முதலாவதைச் செடிகளுக்கே கொடுத்தார்: உண்பது, வளர்வது, இனம் பெருக்குவது. தொட்டால் உணர்வதை அடுத்த படியான மிருகங்களுக்கு வைத்தார். சுருங்கும் செடியைக் காட்டினால் அவர் எந்தப் படியில் வைத்திருப்பார் என்று எனக்கும் கேட்கத் தோன்றுகிறது.

காயல்_வாப்பா (வெள்ளி, காலை 6.20)

ஃபஜ்ருத் (அதிகாலைத்) தொழுகைக்கு எழுந்தவள் இதைப் படித்துவிட்டாள். இன்று ஜும்ஆ முடிந்து வரும்போது நர்சரியில் ஒரு தொட்டாற்சுருங்கித் தொட்டி வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள்.